கணவாய் மூடியிருந்த மாதங்கள்

தம்பி,

ஹசன் மகள் ஜைனபுக்கும் உனக்கும் நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்கள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். பிறகு பள்ளிவாசலுக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. உன் காலில் சுற்றிய துணிகளை முகம் சுளிக்காமல் வெந்நீரில் அலசி, அடுப்பு ஓரமாகக் காயப்போட்டவள் அவள். குறை எல்லாம் என்னிடம்தான். ‘மிக்க மகிழ்ச்சி, நலமே வாழ்க’ என்று நாலு வரி எழுதிப் போட்டுவிட எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக உனக்கு அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இனிமேல் நீ ஒரு குடும்பத்தை நடத்தப் போகிறவன். கல்யாணத்துக்கு வாங்க அத்தா, வந்து இங்கேயே இருந்துவிடுங்க, இந்தத் திராஸ் மலையூரில் நமக்கும் ஒரு துண்டு பார்லி வயல் இருக்கிறது என்று கூப்பிடுகிறாய். நான் ஏன் வரமாட்டேன் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். நீளமாகத்தான் எழுதுவேன். பொறுமையாகப் படி.

நீ ஊரை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து தொடங்குகிறேன். அறுப்பு முடிந்து பண்ணை வீட்டுக்கு நெல் அளந்துவிட்டு வந்த நாள் அது. மிராசுதார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். நீ எனக்குப் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். திரும்பி வரும்போது குடமுருட்டி ஆற்றுப் பாலத்தில் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாய்: “ஏன் அத்தா, நம்ம வெளையவச்ச நெல்ல நம்மளே கொண்டுபோய்க் கொட்டிட்டு, நம்மளே கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?”

“நெலம் அவங்களுது தம்பி.”

“அப்ப நமக்கு என்னதான் இருக்கு?”

மாட்டை ஓட்டச் சொன்னேன். அந்த வாரமே நீ சென்னைக்குப் போய் லாரியில் கிளீனராக ஏறினாய். அங்கிருந்து டெல்லி, அங்கிருந்து காஷ்மீர், அங்கிருந்து மலைப்பாதைக்குச் சாமான் ஏற்றிப்போகும் லாரி. ஒவ்வொரு கடிதத்திலும் நீ இருந்த ஊர் உயரத்துக்கு ஏறிக்கொண்டே போயிற்று. உன் அம்மா அந்த ஊர்ப் பேர்களை எல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். ஒன்றும் அவள் நாக்கில் நிற்காது.

நீ போன பிறகு இங்கே காலம் மாறுவது போலத்தான் இருந்தது. நம்ம ஆட்சி வந்துவிட்டது என்றார்கள். வலங்கைமானில் மேடை போட்டு, உழுகிறவனுக்குத்தான் நிலம் என்று பேசினார்கள். நானும் கூட்டத்தில் நின்று கை தட்டினேன். குத்தகைக்காரர்கள் பேரைப் பதிந்துகொள்ளலாம், யாரும் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. என் பேரும் பதிவில் ஏறியது. பண்ணையார் கோபப்படவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை. இன்னொரு பக்கம் கூலி ஆட்கள் செங்கொடியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார்கள். கூலியை உயர்த்தாமல் வயலில் இறங்க மாட்டோம் என்றார்கள். பண்ணைகள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கின. கூடவே போலீஸ் வந்தது. அஞ்சலையை உனக்கு ஞாபகம் இருக்கும், நம் வயலில் நடவுக்கு முதல் ஆளாக இறங்குவாளே, அவள்தான் பெண்களுக்கு முன்னால் நின்று கோஷம் போட்டாள். பண்ணைக்கு நான் குடியானவன். அஞ்சலைக்கு நான் பண்ணை. இரண்டுக்கும் நடுவில், எந்தக் கொடிக்கும் சொந்தமில்லாமல் நம் வயல் கிடந்தது.

உனக்கு அடிபட்டது என்று தந்தி வந்தபோது சம்பாப் பயிருக்கு இரண்டாம் களை எடுத்து முடித்திருந்தோம். கணவாயில் முன்கூட்டியே கொட்டிய பனியில் லாரி மாட்டிக்கொண்டது, நீயும் டிரைவரும் வண்டிக்குள்ளேயே கிடந்தீர்கள், பட்டாளத்துக்காரர்கள் தூக்கிவந்து உன் கால்விரல்களை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் நான் அங்கே வந்து தெரிந்துகொண்டது. தந்தியில் இருந்ததில் ‘கால்’, ‘உடனே’ என்ற இரண்டு சொற்கள்தான் எங்களுக்குப் புரிந்தன. உன் அம்மா அழவில்லை. என் பையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியையும் ஊறுகாயையும் வைத்தாள். “போங்க. பயிர நான் பாத்துக்குறேன். புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துருங்க” என்றாள். பஸ் ஏறும்போது, “அங்க ரொம்பப் பனியா இருக்குமாமே, காதுல துண்டக் கட்டிக்குங்க” என்றாள். அவளுக்குத் தெரிந்த பனி மார்கழி விடியலில் நெற்கதிரில் நிற்கும் பனி. எனக்கும் அதுதான் தெரியும். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே.

அந்தப் பயணத்தைப் பற்றி உன்னிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். டெல்லி ஸ்டேஷனில் ஒரு தாடிக்காரர், முசல்மானாகப் பிறந்துவிட்டு உருது தெரியாதா என்று என்னை ஏறஇறங்கப் பார்த்ததையும், ஸ்ரீநகரில் கைலியோடு நடுங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு கடைக்காரர் சிரித்துவிட்டு, பிறகு தன் பழைய கம்பளி அங்கியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டதையும் சொன்னேன். கணவாயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஒரு லாரி போகத்தான் இடம் இருந்தது. என் பக்கத்துச் சக்கரத்துக்கு வெளியே மண்ணே இல்லை. கீழே எங்கேயோ ஆறு ஒரு நூல் மாதிரி கிடந்தது. சமதரையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். நம் ஊரில் வாய்க்கால் மேட்டில் ஏறி நின்றால் அடுத்த ஊர் கோபுரம் தெரியும். அங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் கல் எழுந்து நின்று வானத்தை மறைத்தது. மூச்சு பாதியில் நின்றது, மூக்கில் ரத்தம் வந்தது. இந்த இடத்துக்கா என் பிள்ளை பிழைக்க வந்தான், நம் வீட்டில் சோற்றுக்கு அவ்வளவு பஞ்சமா என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஹசன் வீட்டில் நீ படுத்திருந்தாய். ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருந்த மனிதர். அவர் கடையில் நீ டீ குடித்ததைத் தவிர உனக்கும் அவருக்கும் வேறு பழக்கமில்லை. ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் இடமில்லை என்று தெரிந்ததும் உன்னை முதுகில் சுமந்து தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் உள்ளே வந்ததும் நீ போர்வையை இழுத்துக் காலை மூடினாய். நான் விலக்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

சுருக்கக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். பட்டாளத்து டாக்டர் விடவில்லை. ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் அங்கே சிப்பாயாக இருந்தான். அவன்தான் எனக்குத் தமிழில் சொன்னான்: “இந்தப் புண்ணோட கணவாயத் தாண்டுனா பாதமே போயிரும்யா. இங்கனயே இருக்கட்டும். பனி எறங்கிருச்சுன்னா அப்புறம் வைகாசி வரைக்கும் வழி கிடையாது. நீங்க ஊருக்குப் போறதா இருந்தா நாளக்கிப் போற லாரிதான் கடேசி.”

மறுநாள் காலையில் நான் கிளம்பினேன். அது உனக்கும் தெரியும். “போங்க அத்தா, அம்மா தனியா இருக்கு. அறுப்பு வந்துரும்” என்று சொல்லிவிட்டு நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் போய் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தும்விட்டேன். வண்டி கிளம்பவில்லை. டீசல் உறைந்துவிட்டது. டாங்கிக்கு அடியில் விறகைப் போட்டு நெருப்பு மூட்டினார்கள். அது உருகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. முன்கண்ணாடி வழியாக ஹசன் வீட்டுக் கூரையில் புகை எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி சட்டென்று கிளம்பியிருந்தால் நான் போயிருப்பேன் தம்பி. அந்த நேரம் கிடைத்ததால் இறங்கிவிட்டேன். உன் அம்மாவுக்கு நாலு வரி எழுதி டிரைவரிடம் கொடுத்து, ஸ்ரீநகரில் தபாலில் போடச் சொன்னேன். நான் திரும்பி உள்ளே வந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையில் காய்ச்சலில் கிடப்பாயே, அந்த மாதிரி தூங்கிப்போனாய்.

அதற்குப் பிறகு வந்தது அந்தக் குளிர்காலம். நீ அதிலேயே வாழ்கிறவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர். அதை வெட்டிப் படி செய்துதான் வெளியே வர வேண்டும். கூரையில் கொட்டியதை மரப்பலகையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் வீடு அமுங்கிவிடும். நான் கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் கல்லாகிப் புட்டி வெடித்தது. உருளைக்கிழங்கு கூழாங்கல் மாதிரி ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டது. மூச்சு விட்டால் தாடியில் படிந்து முள்ளாகக் குத்தியது. குடிக்கவும் சமைக்கவும் பனியை வெட்டிவந்து உருக்கினோம். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் ஏது, அடுப்போரத்து மண்ணைத் தொட்டுத் தடவிக்கொண்டு தொழுதோம். தரைக்குக் கீழே மாடுகள், மேலே நாம். மாட்டுச் சூடு பலகை வழியாக ஏறிவரும். சாணியும் வில்லோ மரக்குச்சியும் எரியும் அந்த ஒரே அடுப்பைச் சுற்றி எல்லோரும் ஒரே அறையில் படுத்துக் கிடந்தோம். தந்திக் கம்பி பனியில் அறுந்து விழுந்தது. உலகத்தோடு எங்களுக்கு இருந்த தொடர்பு அதோடு முடிந்தது.

ஹசனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது ஸலாமும் ஓதலும்தான். அவர் தொழவைத்தால் நான் பின்னால் நிற்பேன், அந்த நேரம் மட்டும் அவர் சொல்வது எனக்குப் புரியும். மற்ற நேரமெல்லாம் அவர் தன் மொழியில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். நீ கேட்டுச் சிரிப்பாய். பட்டாளத்து ரேஷன் அரிசி கொஞ்சம் கிடைத்தது. நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஹசன் அதில் வெண்ணெயைப் போட்டு உப்புத் தேநீரையும் ஊற்றிக் குடித்ததைப் பார்த்து, “அத்தா, இத அம்மா பாக்கணும்” என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். புண் ஆறியதும் நீ நடக்கப் பழகினாய். விரல் இல்லாத காலுக்கு ஊன்ற இடமில்லை. முன்னால் முன்னால் விழுவாய். கூரை மேல் பனியை மிதித்து இறுக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடப்பாய். நடந்துகொண்டே என்னென்னவோ கேட்பாய். என் அத்தா எப்படி இருப்பார், நான் எப்போதாவது ஊரை விட்டு ஓட நினைத்தேனா, உன் அம்மாவை முதலில் எங்கே பார்த்தேன். உன் வயதுக்கு நீயும் நானும் அவ்வளவு பேசியதே இல்லை. நம் ஊரில் ஏது நேரம்? தண்ணீர் வந்ததா, நாற்று பிடுங்கியாயிற்றா, மாட்டைக் கட்டினாயா, அவ்வளவுதான் நம் பேச்சு.

நடுக்குளிரில் ஹசனுடைய அத்தா மவுத்தானார். நீ பலகையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய், நான் மற்றவர்களோடு குழி வெட்டப் போனேன். கடப்பாரை இறங்கவில்லை. இரும்பு பட்டால் மணியடிக்கிற சத்தம் வந்தது. நிலத்தின் மேல் சாணியையும் விறகையும் குவித்து எரித்தார்கள். எரித்து, இளகிய அளவுக்குக் கொத்தி, மறுபடியும் எரித்து, மறுபடியும் கொத்தினார்கள். ஒரு ஆளை வைக்கிற அளவுக்கு மண் வழிவிட ஒரு பகல் போதவில்லை. நானும் கடப்பாரையை வாங்கிக் கொத்தினேன். மண்வெட்டியை லேசாக விட்டாலே கறுப்பாகப் பிளந்து கொடுக்கிற மண்ணில் உழைத்தவன் நான். என் உள்ளங்கை கிழிந்தது. அப்போது நான் நினைத்தது என்ன தெரியுமா? நல்லவேளை, நம் ஊரில் சாகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்று நினைத்தேன். அது தை மாதம் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டுப் பார்த்திருக்கக் கூடாது.

வழி திறந்ததும் நீ என்னை லாரி ஏற்றிவிட்டாய். என்னால் இனி வண்டியில் ஏறி இறங்கி வேலை பார்க்க முடியாது, ஹசன் கடையிலேயே இருந்துகொள்கிறேன், கால் இன்னும் தேறியதும் ஊருக்கு வருகிறேன் என்றாய். சரி என்றேன். பாதையின் இரண்டு பக்கமும் லாரியை விட உயரமான பனிச்சுவர். அந்தச் சந்துக்குள் வண்டி ஊர்ந்து வந்தது. ஹசன் மனைவி உன் அம்மாவுக்கென்று உலர்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழம் ஒரு பை கொடுத்திருந்தார். அதை மடியை விட்டு இறக்காமல் ரயிலில் வந்தேன். வலங்கைமானில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. வெயில் முதுகில் பட்டது. வீட்டுக்குப் போகாமல் முதலில் வயல் பக்கம்தான் போனேன், எந்தக் குடியானவனும் அப்படித்தானே போவான். நம் வயலில் யாரோ ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாடும் தெரியாத மாடு, ஆளும் தெரியாத ஆள்.

அஞ்சலை எரு சுமந்துகொண்டு வரப்பில் வந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள்.

“ராவுத்தரே... தம்பிக்குக் காலு எப்படி இருக்குங்க?”

“நடக்குறான். நம்ம வயல்ல யாரு ஏர் ஓட்டுறது?”

“வீட்டுக்குப் போங்க” என்றாள் அவள். உடனே, “வேணாம், இருங்க, போகாதீங்க. வீடு பூட்டிக் கெடக்கு” என்றாள்.

“அவ எங்க?”

“அம்மா இல்லீங்க” என்றாள் அஞ்சலை. “தையிலயே போயிட்டாங்க. பள்ளிவாசல்ல உள்ளவங்க எல்லாரும் நின்னு நல்லபடியா எடுத்து வச்சாங்க. தந்தி குடுத்தாங்க, பதிலே இல்ல. எத்தன நாளக்கிங்க வச்சிருப்பாங்க?”

நான் உனக்கு எழுதியது காய்ச்சலில் மவுத்தானாள் என்பது மட்டும்தான். காய்ச்சல்தான், பொய்யில்லை. ஆனால் அந்தக் காய்ச்சல் வந்த வழியை அஞ்சலை வரப்பில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். அவள் சொன்னபடியே உனக்குச் சொல்கிறேன். கதிர் முற்றிய சமயத்தில் பண்ணைக் காரியஸ்தர் வந்து, “ஒன் புருஷன் ஊர விட்டே போயிட்டான். சாகுபடி பண்ண ஆள் இல்லாத நெலத்தப் பண்ணை எடுத்துக்கும்” என்று சொல்லியிருக்கிறார். உன் அம்மா, “ஏன், நான் ஆள் இல்லியா?” என்று கேட்டிருக்கிறாள். பதிவில் இருந்தது என் பேர். அவள் பேர் எதிலும் இல்லை. இரண்டு நாள் கழித்து வெளியூர் ஆட்களோடும் போலீஸோடும் அறுவடைக்கு வந்துவிட்டார்கள். உன் அம்மா ஒரு பாயை எடுத்துக்கொண்டு போய் வயலுக்கு நடுவில் உள்ள வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் ஏசவில்லையாம். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாளாம்.

அஞ்சலையும் இன்னும் சில பெண்களும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். “எங்க கூலிச் சண்ட வேறங்க, இது வேற. சங்கத்துல கூட, அது குத்தகைக்காரன் வழக்கு, நமக்கு எதுக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா ஒரு பொம்பள ஒத்தையா ஒக்காந்திருக்கறதப் பாத்துட்டு எப்படிப் போறது?” என்றாள் என்னிடம். அஞ்சலையின் கூலிக்காக நான் ஒரு நாளும் நின்றதில்லை. அந்தப் பெண்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. உன் அம்மாவைத் தொடத் தயங்கி விட்டுவிட்டார்கள். அவளைச் சுற்றி அறுத்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பகலில் வெயில், விடிந்தால் பனி. சேலை நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்ததாம். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள், குடித்திருக்கிறாள். எழுந்து வரச் சொன்னால் வரவில்லை. கட்டுகளை எல்லாம் களத்துக்குத் தூக்கிப்போய், வயலில் அறுத்த தாள் மட்டும் நின்ற பிறகுதான் எழுந்து வீட்டுக்கு நடந்து வந்தாளாம். அன்றைக்கே இருமலும் காய்ச்சலும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றவர்களிடம், “அவங்க வந்துரட்டும்” என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நான் போட்ட கடிதாசி வந்துச்சா?” என்று கேட்டேன்.

“வந்துச்சுங்க. மோதினாரு படிச்சுக் காட்டுனாரு. ‘நல்ல வேல பண்ணுனாங்க, புள்ளையோடயே இருக்கட்டும். நெல்லு போனா அடுத்த போகம் வெளையும்’னு சொன்னாங்க.”

தம்பி, உன் கடிதம் ஒவ்வொன்றிலும், என்னால்தான் அம்மா போயிட்டாங்க, என் காலுக்காக நீங்க தங்கினதாலதான் எல்லாம் போச்சு என்று எழுதுகிறாய். உன்னால் இல்லை. அவள் வாயாலேயே அது இல்லை என்றாகிவிட்டது, அதை நீ நம்பு. ஆனால் எனக்கு அதனால் ஆறுதல் கிடைக்கிறதா என்று கேட்டால் கிடைக்கவில்லை. நான் லாரியை விட்டு இறங்கியதற்காக வருந்தவில்லை. மறுபடியும் அந்த லாரியில் ஏற்றிவிட்டால் மறுபடியும் இறங்குவேன். என்னால் தாங்க முடியாதது வேறு. அந்தக் குளிர்காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். என் ஆயுசிலேயே நான் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் அவைதான். பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், அடுப்பு எரிகிறது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வழி திறக்காமலே இருந்தால் கூடப் பரவாயில்லை என்று ஒரு நாள் நினைத்தேன். அவள் வரப்பில் உட்கார்ந்திருந்த நாளாகக் கூட அது இருந்திருக்கலாம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ கூப்பிடுகிற அந்த வீட்டில் அந்த அடுப்பு இருக்கிறது, அந்தக் கூரை இருக்கிறது. அங்கே வந்து என்னால் உட்கார முடியாது. நெஞ்சு தாங்காது, உயரத்துக்குப் போகாதே என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். ஆனால் டாக்டர் சொன்னதற்காக நான் வராமல் இல்லை.

நீ திரும்பி வந்து, நிலத்துக்காக நான் போட்ட வழக்கை நடத்துகிறேன் என்றும் எழுதியிருந்தாய். வழக்கு முடிந்துவிட்டது. நான் நிலத்தை விட்டுப் போனவன் என்று தீர்ப்பு. என் பிள்ளை கால்விரல் போய்க் கிடந்தான், வழி மூடிவிட்டது என்று நான் கூண்டில் நின்று சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல், “மே மாசம் வரைக்குமா பனி பெஞ்சுது?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு அதை யார் நம்புவார்கள்? கூட்டம் போட்டுப் பேசிய கட்சிக்காரரைப் போய்ப் பார்த்தேன். “பாத்துக்கலாம் பாய், மேல சொல்லியிருக்கேன்” என்றார். அடுத்த தேர்தலுக்கு அவருக்குப் பண்ணையார் வீட்டுக் கார்தான் ஓடியது. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணையார் நிலத்தை யார் யார் பேரிலோ மாற்றினார். நம் வயல் யாரோ ஒரு உறவுக்காரர் பேருக்குப் போயிற்று. அவர் செங்கல் சூளைக்கு விட்டுவிட்டார். இப்போது அங்கே ஏர் ஓடவில்லை. மண்ணை வெட்டி எடுத்து, மிதித்து, அறுத்து, சுட்டு, லாரியில் ஏற்றுகிறார்கள். நாம் எருப் போட்டு எருப் போட்டு வளர்த்த மண் மன்னார்குடியில் யார் யார் வீட்டுச் சுவராகவோ நிற்கிறது. வயல் இருந்த இடத்தில் ஆள் இறங்கினால் மறைகிற பள்ளம். மழைக்காலத்தில் தண்ணீர் நின்று தவளை கத்துகிறது. அந்தப் பள்ளத்துக்காக நீ இவ்வளவு தூரம் வர வேண்டாம். உன் கால் அந்தப் பனியில் நடக்கப் பழகியது. இந்தச் சேற்றில் வழுக்கும்.

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஹசன் கொடுக்கிற பார்லி வயலில் ஜைனபின் பேரும் இருக்கட்டும். எந்த ஆபீசில் எழுதினாலும் அவள் பேரையும் எழுதச் சொல். ‘நான் ஆள் இல்லையா’ என்று அவள் யாரிடமும் கேட்கும்படி ஆகக் கூடாது. வீட்டில் பேசு. வயலையும் தண்ணீரையும் தவிர வேறு ஏதாவது பேசு. உன் அம்மாவோடு நான் இருந்த காலத்தில், அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒரு நாள் உட்கார்ந்து கேட்டதில்லை. ஹசன் மனைவி கொடுத்த அந்தப் பழத்தை அவள் விரும்பிச் சாப்பிட்டிருப்பாளா, மாட்டாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை அஞ்சலை வீட்டுப் பிள்ளைகள்தான் தின்றார்கள். மேடையில் யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள், கை தட்டாதே. பக்கத்து வீட்டுக்காரன் சண்டை உன் சண்டை இல்லை என்று ஒதுங்காதே. நான் ஒதுங்கியவன், எங்களுக்காக வந்து உட்கார்ந்த அஞ்சலை ஒதுங்காதவள். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. குடியிருக்கிற மனை நமக்கென்று சட்டத்தில் கிடைத்தது. அது ஒன்றாவது நின்றது. காலையில் பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் தண்ணீர் இறைத்து விடுகிறேன். சாப்பாடு யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். சாயந்தரம் உன் அம்மாவை அடக்கிய மையவாடிப் பக்கம் போய் நிற்பேன். கார்த்திகை மழையில் உன் அம்மாவுடைய கபர் அமுங்கிவிடுகிறது, நான் மண் போட்டு மேடாக்குகிறேன். அடுத்த மழைக்கு மறுபடியும் அமுங்கிவிடுகிறது. இந்த மண் அவ்வளவு இளக்கம். நான் போகும்போதும் அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள், மோதினாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். செய்தி உனக்கு வரும்போது வழி திறந்திருந்தாலும் வராதே. மூடியிருந்தால் ‘வர முடியவில்லையே’ என்று வேகாதே. இருந்த இடத்தில் கையேந்தி துஆ செய், போதும்.

ஒன்றே ஒன்று பாக்கி. பெண் பிறந்தால் அம்மா பேரை வைக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வைக்காதே தம்பி. அந்த ஊர்ப் பேராகவே ஒன்று வை, கூப்பிட்டால் அங்கே உள்ள பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிற பேராக வை. உன் அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எங்கிருந்து அவள் பேரைச் சொன்னாலும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவாள். அந்தப் பனிக்குள் நின்றுகொண்டு நீங்கள் யாரும் அவளைக் கூப்பிட வேண்டாம். அவளுக்குக் குளிர் ஆகாது.

உன் அத்தா